கையின் எடை

செவ்வாய்க்கிழமை நாலரைக்கு வருகிறார்
நிவால்தோ ஒயார்சோ.
காற்று அவரை உள்ளே தள்ளிவிடுகிறது,
அப்புறம்தான் அவர் கதவைச் சாத்துகிறார், இடக்கையால்.
புந்தா அரேனாஸில் பெருங்காற்று நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இவர் அதைப் பிடிக்காமலே வந்திருப்பார்.

சட்டை கழற்றப் பத்து நிமிஷம்.
உதவட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன், முதல் வாரம்.
கேட்டிருக்கக் கூடாது.

இருபத்தாறு பருவம் ஆட்டுரோமம் கத்தரித்த முதுகு.
நாளைக்கு நூற்றெண்பது ஆடு.
குனிந்தபடியே உறைந்த இடுப்பு.
தோள்பட்டைக்கு அடியில்
ஈரக் கயிற்றில் விழுந்த முடிச்சுபோல் ஒன்று;
கட்டைவிரல் பட்டதும் நழுவிப் பக்கத்தில் ஒளிகிறது.
தசைப் பிடிப்பு என்று டாக்டரின் சீட்டு சொன்னது.
எதைப் பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை.
கம்பளி நெய்யின் வாசனை
குளிர்காலம் முழுக்கக் குளித்தும்
தோலைவிட்டுப் போகவில்லை.

கையை என்னிடம் கொடுங்கள், என்றேன்.
கொடுத்தார்.
கை வரவில்லை.
என் உள்ளங்கைமேல் அது
இலவம்பஞ்சாய் மிதந்தது.
"தளர்த்துங்கள்."
"தளர்த்தியாச்சு."
என் கையை மெதுவாக விலக்கினேன்.
அவர் கை அந்தரத்திலேயே நின்றது.
இருவரும் அதைப் பார்த்தோம், யாரோ
மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப்போல்.
அவர்தான் முதலில் சிரித்தார்.

எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே ஊன்றும்
என்று ஒப்பித்துத் தேறியவள் நான்.
கொடுக்காமலே கொடுத்துவிட்டதாக நம்புகிற கையை
என்ன செய்வது?
அந்தக் கேள்வி எந்தத் தாளிலும் வந்ததில்லை.

ஆறு வாரம்.
சூடு வைத்தேன். மூட்டை உருட்டினேன்.
நார்வாக்கில் நீவினேன், குறுக்கே நீவினேன்.
ராத்திரி என் கட்டைவிரலுக்கு நானே ஐஸ் வைத்தேன்.
வலிக்கிறதா என்றால் பரவாயில்லை என்பார்.
வெளியே எப்படி என்றாலும் அதேதான்.

இன்று கேட்டார்,
மேசைத் துளைக்குள் முகம் புதைத்து, தரையைப் பார்த்து:
"நீங்கள் ஆடு பிடித்ததுண்டா?"
இல்லை.
"கால் தரையில் இருக்கிறவரை அது ஓடத்தான் பார்க்கும்.
பின்னால் சாய்த்து உட்கார்த்த வேண்டும்,
நாலு காலும் காற்றில்,
முதுகு உங்கள் முட்டியில்.
அப்புறம் சும்மா இருக்கணும்.
அதுவாக ஒரு மூச்சு விடும். பிறகு எடை வரும்.
எடை வந்துவிட்டால் அது உங்கள் ஆடு."
கொஞ்சம் நிறுத்தி,
"நீங்கள் மூச்சுக்கு முன்னாலேயே இழுக்கிறீர்கள்."

பதினோரு வருஷ அனுபவசாலிக்குக்
காதுமடல் சுட்டது.

எழுந்து உட்காரச் சொன்னேன்.
பின்னால் ஸ்டூலைப் போட்டு
அவர் முதுகை என் மார்பெலும்பில் சாய்த்துக்கொண்டேன்.
அவர் முழங்கைக்கு அடியில் என் முட்டி.
அமுக்கவில்லை. நீவவில்லை.
ஜன்னல் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.
ஜலசந்தியில் ஒரு கப்பல் கூவியது, இன்னொரு முறை கூவியது.
முன்னறையில் திருமதி திர்பிச்
தன் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்:
அடுத்த முறை அவருடையது, நேரமாகிறது.
தட்டட்டும்.

விலா ஒருமுறை விரிந்தது.
விரிந்தே நின்றது.
பிறகு, அடைத்த ஓடையில் நீர் புகுந்ததுபோல்
நீளமாக ஒரு மூச்சு.
கை கனக்கத் தொடங்கியது,
முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு,
பிறகு தோளிலிருந்து மொத்தமாக,
தூங்கிப்போன பிள்ளையைத்
தோளில் ஏந்தும்போது ஏறுமே, அந்தப் பாரம்.
என் முட்டி அசையாமல் வாங்கிக்கொண்டது.
நிவால்தோ ஒன்றும் சொல்லவில்லை.
மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

அக்டோபரில் போவீர்களா, என்று கேட்டேன்
சட்டை மாட்டும்போது.
போவேன், என்றார்.
நான் அவிழ்த்ததையெல்லாம் ஒரே வாரத்தில்
ஆடுகள் திரும்பக் கட்டிவிடும்.
இருவருக்கும் தெரியும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டும்.
கை தூக்கும் அளவு: எழுபது டிகிரி.
போன வாரமும் எழுபதுதான்.
எடைக்கென்று கட்டம் கிடையாது.
ஓரத்தில், பென்சிலால் எழுதினேன்:
கை வந்தது.